ஐந்தருவிப் பசியும் உடலின் வரவு செலவும்



தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் விதிகளுள் ஒன்று. வளர்சிதை மாற்றம் என்பது பெயரைக் கேட்டதுமே புத்தகத்தை மூடிவிடத் தோன்றும் பாடம். ஆகவே அதனை நம்மவர் பலரும் அறிந்த ஓர் அனுபவத்திலிருந்து தொடங்குவோம்.

வந்தவாசி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து நம் குடும்பத்தார் தென்பாண்டி நாட்டுக்கு யாத்திரை செல்லும்போது, கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசித்தபின் தென்காசி வழியே குற்றாலத்தையும் காணாமல் திரும்புவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் வீசத் தொடங்கிவிட்டால் பேரருவியில் நிற்க இடம் கிடைப்பது அரிது. அங்கிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஐந்தருவி. பாறை முகட்டிலிருந்து நீர் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழுகின்ற அழகை ஒருமுறை கண்டோர் மறவார். அங்கே அரைமணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரப் புடவையோடு வெளியே வந்தவுடன் எழும் பசியையும் மறவார். காலையில் உண்ட இட்லி எங்கே போயிற்று என்று தெரியாது. வழியின் இருபுறமும் வாழைக்காய் பஜ்ஜியும் மிளகாய் பஜ்ஜியும் எண்ணெயில் பொரிந்துகொண்டிருக்கும். நேந்திரங்காய் வறுவலும் அல்வாவும் அடுத்த கடையில் காத்திருக்கும்.

அவ்விடத்தில் இரு கூற்றுகளை நாம் பலமுறை கேட்டதுண்டு. "அருவியில் குளித்தால் உண்டதெல்லாம் கரைந்துவிடும், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்பது ஒன்று. "பர்வ நாள்களில் உபவாசமே இருந்து பார்த்துவிட்டேன், எடை குறையவில்லை, இது என் உடல்வாகு" என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை சிறிதளவு உண்டு. எவ்வளவு என்பதே இப்பாடத்தின் பொருள்.

முதலில் அளவுகோலை அறிவோம். ஒரு கிலோ நீரை ஒரு செல்சியஸ் பாகை சூடேற்றத் தேவைப்படும் வெப்பமே ஒரு கிலோ கலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது வழக்கில் 'கலோரி' என்று சொல்லப்படுவது இதுவே. நாமும் இங்கு அவ்வாறே வழங்குவோம். மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்பும் எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரியும் தருகின்றன. 50 கிலோ எடையுள்ள பெண்மணி ஒருவர் ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுதும் படுத்திருந்தாலும், இதயம் துடிக்கவும், மூச்சு இயங்கவும், மூளையும் ஈரலும் சிறுநீரகமும் தத்தம் தொழிலை நடத்தவும் ஏறத்தாழ 1200 கலோரி செலவாகும். அந்த வெப்பத்தைக் கொண்டு 16 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு பெரிய குடத்து நீரை நாள்தோறும் கொதிக்கவைக்கும் அடுப்பு ஒன்று நம் ஒவ்வொருவருக்குள்ளும் எரிந்துகொண்டிருக்கிறது. இதனையே அடிப்படை வளர்சிதை மாற்றம் என்பர். உணவிலிருந்து உடலைக் கட்டுவது வளர்மாற்றம். கட்டியதைச் சிதைத்து ஆற்றல் பெறுவது சிதைமாற்றம். இரண்டும் சேர்ந்ததே வளர்சிதை மாற்றம்.

இப்போது ஐந்தருவிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 1200 என்றால் மணிக்கு 50, அரைமணிக்கு 25. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். எனவே அருவியில் நிற்பவரின் உடல் வெப்பத்தை இழக்கிறது. இழந்ததை ஈடுசெய்யத் தசைகள் நடுங்குகின்றன. அந்த நடுக்கத்தால் செலவு மூன்று மடங்காயிற்று என்றே தாராளமாகக் கொள்வோம். 25 கலோரி 75 ஆகும். மிகுதியாகச் செலவானது 50 கலோரி. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இருப்பது 45. இரண்டு பஜ்ஜிகள் மூன்று தேக்கரண்டி எண்ணெயைக் குடித்திருந்தால் எண்ணெய்க் கணக்கு மட்டுமே 135. கடலைமாவும் வாழைக்காயும் தனி. உண்டது கரைந்துவிடும் என்ற கூற்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வாசகர்களே கண்டுகொள்ளலாம்.

ஆயினும் அந்தப் பசி பொய்ப்பசி அன்று. அமெரிக்க நாட்டின் புளோரிடா பல்கலைக்கழகத்தார் 2005ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். இளைஞர்களை நீருக்குள் 45 நிமிடம் மிதிவண்டிப் பயிற்சி செய்யவைத்தனர். ஒருநாள் 20 பாகைக் குளிர்ந்த நீரில், மற்றொரு நாள் 33 பாகை இதமான நீரில். பின்னர் விரும்பிய அளவு உண்ணவிட்டனர். இரு நாளும் உழைப்பினால் செலவான ஆற்றல் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் குளிர்நீரிலிருந்து வந்த நாளில் அவர்கள் 44 விழுக்காடு மிகுதியாக உண்டனர். குளிர் உடலின் செலவைச் சிறிது கூட்டியது. பசியையோ அதனினும் மிகுதியாகக் கூட்டியது. வரவும் செலவும் தனித்தனியே நிற்பவை அல்ல, ஒன்று அசைந்தால் மற்றொன்றும் அசையும் என்பதற்கு இஃது ஓர் எளிய சான்று.

பசியைப் பற்றிய தமிழ்க் கதைகளுள் மிகவும் வியப்பானது இந்த மலைத்தொடரோடு தொடர்புடையது என்பதையும் இடையே சொல்லிவிடுவோம். மணிமேகலை பௌத்த காப்பியமே. எனினும் அதிலே வரும் காயசண்டிகையின் கதை நம் இல்லங்களிலும் வழங்குவதே. வித்தியாதரப் பெண்ணான அவள் பொதியில் மலையைக் காண வந்து, விருச்சிக முனிவர் வைத்திருந்த நாவற்கனியைக் காலால் மிதித்துவிட்டாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கனிவது அது. அவரோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உண்பவர். அவரது சாபத்தால் அவள் யானைத்தீ என்னும் தீராப்பசி நோயால் அத்தனை ஆண்டுகளும் வருந்தினாள். ஒரு கனியால் பன்னிரண்டு ஆண்டு வாழ்பவரும், எவ்வளவு உண்டும் அடங்காதவரும் ஒரே கதையில் எதிர்ப்படுகின்றனர். காப்பியத்தில் இவ்விரண்டும் இயலும். மெய்யான உடல்களில் இவ்வேறுபாடு எவ்வளவு என்று அளந்து பார்க்க முடியுமா?

முடியும் என்று காட்டிய ஆய்வுகளுள் ஒன்று நம் சென்னையிலேயே நிகழ்ந்தது. பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பணிபுரிந்த எலினார் மேசன் என்னும் அம்மையாரும், பாஸ்டன் நகரில் கார்னகி நிறுவனத்தின் உணவு ஆய்வுக்கூடத்தை நடத்திவந்த பிரான்சிஸ் பெனிடிக்ட் என்பாரும் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றத்தை அளந்து 1931இல் வெளியிட்டனர். அளக்கும் முறை எளியது. இரவு உண்டபின் ஏறத்தாழ 12 மணி நேரம் ஒன்றும் உண்ணாதவர், காலையில் அசைவின்றிப் படுத்தபடியே கருவியின் வழியாக மூச்சுவிடவேண்டும். அவர் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டார் என்று பார்ப்பர். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ 4.8 கலோரி எரிந்தது என்று கணக்கு.

அக்காலத்தில் ஒப்பிடுவதற்கு இருந்த அளவுகோல், அதே பெனிடிக்ட் தம் துணைவர் ஹாரிஸ் என்பவரோடு 1919இல் அமெரிக்கர்களைக் கொண்டு வகுத்தது. 136 ஆடவரும் 103 பெண்டிரும் அதற்கு அடிப்படை. அந்த அளவுகோலால் பார்த்தபோது சென்னைப் பெண்களின் செலவு ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரே எடை, ஒரே உயரம், ஒரே வயது. ஆயினும் ஆறில் ஒரு பங்கு குறைவு! வெப்ப நாட்டின் தட்பவெப்பமா, உணவா, இனவேறுபாடா என்ற வினாக்கள் எழுந்தன. தென்னாட்டவரின் உடலே இயல்பாகச் சிக்கனமானது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இன்றும் "நமக்கு உடம்பு அப்படி" என்று கூறுவோர் அறியாமலே அந்த எண்ணத்தைத்தான் வழிமொழிகின்றனர்.

அவ்வினாவுக்குத் தெளிவான விடை வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஷெட்டி, சோரெஸ் முதலானோர் இந்தியர்களையும் ஆஸ்திரேலியர்களையும் ஒப்பிட்டு 1998இல் வெளியிட்ட ஆய்வு அது. எடைக்கு எடை ஒப்பிடாமல், கொழுப்பை நீக்கி எஞ்சிய உடலுக்கு, அதாவது தசையும் உள்ளுறுப்புகளும் சேர்ந்த பகுதிக்கு, அவர்கள் ஒப்பிட்டனர். இனவேறுபாட்டுக்குச் சான்றில்லை என்பதே முடிவு. அடுப்பு ஒன்றே, எரிபொருளை எரிக்கும் தசைதான் நம்மிடம் குறைவு. எடைக்கருவி தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது. புனே நகர மருத்துவர் யாக்னிக் தம்மையும் தம் ஆங்கிலேய நண்பர் யட்கினையும் ஒரே படத்தில் நிறுத்தி 2004இல் இதனை உலகுக்கு விளக்கினார். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றத்துக்குள்ளே கொழுப்பு மறைந்திருப்பது நம் நாட்டவரின் இயல்பு.

இதுவரை செலவின் அளவைப் பார்த்தோம். உணவு குறைந்தால் அச்செலவு என்னாகும் என்பதே இனி நாம் பார்க்க வேண்டியது. எடை குறைக்க முயலும் ஒவ்வொருவரும் தடுமாறும் இடமும் அதுவே.

வழக்கமான கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி அடங்கியிருக்கிறது. நாள்தோறும் 200 கலோரி குறைத்து உண்டால் ஆண்டுக்கு 73,000. அதனை 7700 ஆல் வகுத்தால் 9.5 கிலோ. கரும்பலகையில் இக்கணக்கு மிக அழகாக இருக்கும். இரண்டாம் ஆண்டும் 9.5, மூன்றாம் ஆண்டும் 9.5 என்று போட்டுக்கொண்டே போனால், சில ஆண்டுகளில் ஆளே இல்லாமற்போக வேண்டும்! அவ்வாறு நிகழ்வதில்லை என்பதே கணக்கில் ஏதோ விடுபட்டது என்பதற்குச் சான்று. விடுபட்டது செலவின் மாற்றம். உடல் சிறுத்தால் அதனை நடத்தும் செலவும் சிறுக்கும்; அதற்கு மேலும் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் முதலியோர் 2011இல் வகுத்த திருத்தமான கணக்கின்படி, நாள்தோறும் 24 கலோரி குறைத்தால் இறுதியில் ஒரு கிலோ குறையும். அதிற் பாதி முதலாண்டில். எனவே 200 கலோரிக்கு முதலாண்டில் ஏறத்தாழ 4 கிலோ; மூன்றாண்டளவில் 8 கிலோவை நெருங்கி அங்கே நின்றுவிடும். எட்டு மாதம் முயன்று மூன்று கிலோதான் குறைந்தது என்று மனம் தளர்ந்த நம் பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் தோற்கவில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கணக்குத்தான் பிழையானது.

உடல் செலவைச் சுருக்குவதை மிக விரிவாக அளந்த சோதனை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஆன்சல் கீஸ் என்பார் நடத்தியது. அதிலே பங்குகொண்ட 36 பேரும், போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடங்கொடுக்கவில்லை என்று மறுத்த இளைஞர்கள். கொல்ல மறுத்த அவர்கள், போரினால் பட்டினியுற்ற மக்களுக்கு எவ்வாறு உணவூட்டுவது என்பதை அறியத் தம் உடலைக் கொடுத்தனர். அகிம்சையைப் போற்றும் நம் சமூகத்தில் இவர்களின் கதை இன்னும் பரவலாக அறியப்படாதது வருத்தத்துக்குரியது. 24 வாரங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 1570 கலோரி மட்டுமே உண்டனர். எடை நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அடிப்படைச் செலவோ ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. எடை குறைந்த விகிதத்தைவிடச் செலவு குறைந்த விகிதம் பெரிது என்பதைக் கவனிக்க வேண்டும். நாடித்துடிப்பு தளர்ந்தது; கோடையிலும் குளிர்ந்தது; எந்நேரமும் உணவைப் பற்றிய நினைவே நிறைந்திருந்தது. மீண்டும் உணவு கொடுத்தபோது, இழந்த தசை முழுவதும் திரும்பு முன்னரே கொழுப்புத் திரும்பிவிட்டது. கடும் பட்டினியால் எடையைக் குறைத்தவர் பழைய உணவுக்குத் திரும்பியதும் முன்னினும் பருப்பது இதனாலேதான்.

உணவு மிகுந்தால் உடல் செலவைக் கூட்டுமா? கூட்டும், ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபடும். மேயோ மருத்துவமனையில் 16 பேருக்கு எட்டு வாரம் நாள்தோறும் 1000 கலோரி மிகுதியாக ஊட்டி 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்குக் கூடிய கொழுப்பு அரைக்கிலோவும் இல்லை. மற்றொருவருக்கு 4 கிலோவுக்கு மேல். கூடாதவர்கள் உடற்பயிற்சி செய்தவர்கள் அல்லர். எழுந்து நடப்பது, நிற்பது, ஓரிடத்தில் இராமல் அசைந்துகொண்டே இருப்பது ஆகியவை தாமாகவே அவர்களிடம் கூடிவிட்டன. உண்டும் பருக்காத நம் உறவினர் சிலரைச் சிறிது உற்றுநோக்கினால், அவர்கள் ஒரு நாழிகையும் ஓரிடத்தில் அமராதவர் என்பது விளங்கும்.

இனி உபவாசத்துக்கு வருவோம். நம் நோன்பு வினை நீங்குதற்பொருட்டு ஏற்பது. எடைக்காக ஏற்பது அன்று. இதனை நாம் வற்புறுத்திச் சொல்லவேண்டிய காலம் வந்துவிட்டது. ஏனெனில் தசலக்ஷண பர்வத்தை எடை குறைக்கும் வாய்ப்பாகக் கருதும் பேச்சு இளையோரிடம் எழுந்துள்ளது. ஒருநாள் உபவாசத்தால் அடிப்படைச் செலவு குறைந்துவிடுவதில்லை. முதல் ஓரிரு நாள் அது சற்றே கூடவும் கூடும். ஆகவே நோன்பினால் உடலின் அடுப்பு அணைந்துவிடும் என்று அஞ்சவேண்டா. ஆனால் மறுநாள் எடைக்கருவி காட்டும் குறைவில் பெரும்பகுதி நீரே. ஈரலிலும் தசையிலும் சேமித்த மாவுப்பொருளின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். நோன்பில் அது கரையும்போது நீரும் வெளியேறும். பாரணைக்குப்பின் திரும்ப வந்துவிடும். நீண்ட பட்டினியின் கதை வேறு. லெவன்சின் என்னும் மால்டா நாட்டவர், முன்னே சொன்ன பெனிடிக்ட்டின் ஆய்வுக்கூடத்தில் 1912இல் 31 நாள் நீர் மட்டும் அருந்தியிருந்தார். 13 கிலோ குறைந்தார். அவரது உடல் வெளியிட்ட வெப்பமும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. இழந்ததில் கொழுப்பு மட்டுமன்றித் தசையும் உண்டு.

எடைக்குப் பயன்படுவதாக நம் ஒழுக்கத்தில் ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின், ஆறு புறத்தவங்களுள் ஒன்றாகிய அவமோதரியத்தைச் சுட்டலாம். வயிறு நிரம்புமுன் இலையைவிட்டு எழுதல் அது. நாள்தோறும் சிறிதளவு குறைதல் என்பதால், மேலே சொன்ன 200 கலோரிக் கணக்குக்கு அது பொருந்தி வருகிறது. உபவாசத்துக்கு மறுநாள் நெய்யும் இனிப்புமாகப் பாரணை செய்வது பொருந்தாது.

வயது முதிர்ந்தால் அடுப்பு தணியும் என்று நாற்பது வயதினர் சொல்வதைக் கேட்கிறோம். 29 நாடுகளைச் சேர்ந்த 6400க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த முடிவு வேறு. உடலளவுக்கு ஒப்பிட்டால் 20 வயது முதல் 60 வயது வரை செலவு மாறுவதே இல்லை. அறுபதுக்குப் பின்னரே ஆண்டுக்கு 0.7 விழுக்காடு அளவில் மெல்லத் தணிகிறது. நாற்பதில் பருப்பதற்கு உணவும் உழைப்புமே பொறுப்பு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் மிகுஎடை உடையோர் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4 விழுக்காடு. ஐந்தே ஆண்டுகளில் ஒரு மக்கள் கூட்டத்தின் உடல்வாகு மாறிவிடாது.

எம்போல் எழுபதைக் கடந்தவர்கள் அஞ்சவேண்டியது எடை கூடுதலைவிடத் தசை குறைதலை. எடைக்கு அஞ்சி இரவில் ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்ளும் மூத்த தாய்மார்கள் தசையைத்தான் இழக்கின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் வகுத்தபடி கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையினருக்கு ஏறத்தாழ 42 கிராம். நூறு கிராம் பருப்பில் 22 கிராம் அளவே உள்ளது. இரவுண்ணாமை காப்போர் பகலிலேயே பாசிப்பயறு, கொண்டைக்கடலை, பால், தயிர் ஆகியவற்றால் இதனை நிரப்பிவிடுதல் வேண்டும். கைப்பிடியைப் பற்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்தமர்வதும் தசைக்கு வேலையே. திருமலைப் படிகளில் ஏறமுடிந்தவர்கள் ஏறுக.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ கொள்வோர், உணவை விட்டுவிட்டு மருந்தை மட்டும் உட்கொண்டால் குருதிச் சர்க்கரை அபாயகரமாகத் தாழும். பர்வத்துக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். அருவிக்குச் செல்லும்போதும் இவர்கள் வெறும் வயிற்றோடு நீரில் இறங்கலாகாது. சர்க்கரை தாழ்வதன் முதல் அடையாளங்களுள் நடுக்கமும் ஒன்று. ஐந்தருவியில் நடுங்குபவரைக் கண்டால் எல்லாரும் குளிர் என்றே எண்ணுவர். துவட்டியபின்னும் நடுக்கம் தீராது வியர்வையும் தடுமாற்றமும் காணின் உடனே சர்க்கரை கரைத்த நீரையோ பழச்சாற்றையோ அருந்தக் கொடுத்து, விரைந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்க. தம்மைத் தாமே சரியாக விழுங்கமுடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றலாகாது.

இல்லப் பயிற்சி: வீட்டிலுள்ள பெரியோர் ஒவ்வொருவரும் ஒரே எடைக்கருவியில், காலைக்கடன் கழித்தபின், ஒன்றும் உண்ணாமல், பதினான்கு நாள் தம் எடையைப் பார்த்து ஏட்டில் குறிக்க. இடையே அட்டமியோ சதுர்த்தசியோ வருமாறு நாளைத் தேர்க. நோன்பு ஏற்போர் அதற்கு மறுநாள் காலை எடையையும், பாரணைக்குப் பிந்திய இரண்டு நாள் எடைகளையும் தனி நிரலில் எழுதுக. பதினான்கு எண்களையும் எழுதி முடித்த பின்னர், முதல் ஏழு நாள் சராசரியையும் அடுத்த ஏழு நாள் சராசரியையும் பிள்ளைகளைக் கொண்டு கணக்கிடச் செய்க.